பால்ச்சாமி வீட்டு வண்டு

டான்சானியாவிலிருந்து கேசட் வந்திருக்கிறது என்றால் அன்றைக்குச் சாயங்காலம் ஆவுடையம்மாள் வீட்டில் கூட்டம் கூடிவிடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போடுகிற சத்தம் போதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெரு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். ஆவுடையம்மாள் பீரோவைத் திறந்து, துண்டு போட்டு மூடி வைத்திருக்கும் டேப் ரெக்கார்டரை எடுத்து நடுவீட்டில் முக்காலிமேல் வைப்பாள். மகன் பால்ச்சாமி போன லீவில் வந்தபோது கொண்டுவந்தது. பொத்தானை அமுக்கும் உரிமை அவளுக்கு மட்டும்தான். மருமகள் நாச்சியார் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியது.

கேட்பதற்கு என்ன இருக்கும்? மக்காச்சோளம் இருக்கும். பால்ச்சாமி நல்லவன், உழைப்பாளி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் தானியத்தைத் தவிர வேறு பேச்சு வராத பிறவி.

"யம்மா, நான் நல்லா இருக்கேன். இங்கன இந்த வருசம் மக்காச்சோளம் நல்ல வெளைச்சல். வெளைஞ்சு என்ன செய்ய? கதிர மட்டையோட பரண்ல ஏத்தி வைக்காக. வண்டு விழுந்துருது. அறுப்புல பத்து மூடை வந்துச்சுன்னா, பசிக்கிற மாசம் வரும்போது ஆறோ ஏழோதான் தேறும். மிச்சம் அம்புட்டும் மாவாக் கொட்டிப் போகும். மரத்தக்கூட ஓட்ட போட்டுரும்மா இந்த வண்டு. இங்கத்த ஆளுக அதுக்கு ஒரு லாரியோட பேர வச்சிருக்காக..."

இப்படியே அரைமணி நேரம் ஓடும். தெரு ஜனமும் வந்த மரியாதைக்கு உட்கார்ந்து கேட்கும். கேசட் தீரப்போகிற நேரத்தில், ஞாபகம் வந்தவன்போல, "நாச்சியா நல்லா இருக்காளா? முடிச்சிக்கிடுதேன்" என்பான். அந்தக் கடைசி வரி காதில் விழுவதற்காக அவள் அரைமணி நேரமும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பெண்டாட்டியிடம் பேசுவதைத் தெருவே சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்கப் போகிறது என்று தெரிந்தவன் மக்காச்சோளத்தைத் தவிர வேறு எதைப் பேசுவான்?

பால்ச்சாமிக்கு முன்பு ராஜபாளையத்தில் ஒரு தானியக் கிட்டங்கியில் வேலை. அடுக்கி வைத்த மூடைகளுக்கு மருந்து போட்டு, பூச்சி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் சன்னதித் தெருக்காரர் பாஷ்யம், பெரிய தானிய அதிகாரி, டான்சானியாவுக்குப் போகும்போது கூட ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும் என்று இவனைத் தேர்ந்தெடுத்து அழைத்துக்கொண்டு போனார். எங்கேயோ இன்னொரு கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு புது வண்டு அந்த நாட்டு ஜனங்களின் வருசச் சாப்பாட்டைப் பரணிலேயே தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. கதிரை உதிர்த்து, நன்றாகக் காயவைத்து, மருந்துப் பொடி கலந்து மூடி வைத்தால் தப்பிக்கலாம். அதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. அவன் போனது எண்பத்தைந்தில். கல்யாணமாகி மறுவருசம். குடும்பத்தோடு போகிற ஏற்பாடு அதில் இல்லை. இருந்தாலும் ஆவுடையம்மாளைத் தனியே விட்டுவிட்டு நாச்சியார் எங்கே போவது? நடுவில் ஒரே ஒரு லீவு. அதுவும் சொந்தக்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனதிலேயே கரைந்துவிட்டது.

எண்பத்தெட்டு மாசியில் வந்த கேசட்டில் புதிதாக ஒரு சேதி இருந்தது.

"யம்மா, ஆனியோட எனக்கு ஒப்பந்தம் முடியுது. பாஷ்யம் சாரு, இன்னும் ரெண்டு வருசம் இருந்து வேலைய முடிச்சிட்டுப் போவோம்ங்காரு. நீ என்னம்மா சொல்லுத? நீ சொன்னபடி செய்யுதேன்."

நாச்சியார் நிலைப்படியை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். ஆவுடையம்மாள் புதுக் கேசட்டைப் போட்டாள், தொண்டையைச் செருமினாள், தெருவையே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"இருந்து நல்ல பேரெடுத்துட்டு வாய்யா. எத்தன பேருக்கு இது வாய்க்கும்? நாங்க எங்க போயிறப் போறோம், இங்கனதான இருப்போம்."

சரியாகச் சொன்னாய் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பிறகு பெட்டியை நாச்சியார் பக்கம் நகர்த்தினார்கள். "நல்லா இருக்கோம். நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள் அவள். அவ்வளவுதான் அவளுக்கு ஒதுக்கப்பட்ட இடம்.

நாச்சியாருக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. மறுநாள் அங்கே கைதான் ஓடியது, மனசு ஓடவில்லை. பக்கத்தில் நின்ற சுடலைமாடத்தி கவனித்துவிட்டாள். அவள் புருஷன் போலீஸ்காரன், பகலில் வீட்டில் இருக்கமாட்டான். வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது.

"ஏட்டி, ஷிப்டு முடிஞ்சு எங்க வீட்டுக்கு வா" என்றாள் சுடலைமாடத்தி. "நான் பின்னால உக்காந்து மசாலா அரைக்கேன். அம்மிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காது. நீ மனசுல இருக்கதெல்லாம் கொட்டிரு. உங்க அத்தையா வந்து கேக்கப் போறாவ?"

நாச்சியார் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கேசட் சுற்ற ஆரம்பித்தது. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். 'வந்துருங்க.' அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்திருந்த காலத்திலேயே அவள் அவனிடம் எனக்கு நீ வேண்டும் என்று சொன்னவள் இல்லை. அது எல்லாம் சொல்லுகிற பேச்சா என்று வளர்க்கப்பட்டவள். இப்போது ஒரு இரும்புப் பெட்டியிடம் எப்படிச் சொல்வாள்? அதோடு, அங்கே பாஷ்யம் சாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்?

"ஏங்க" என்றாள். பிறகு வெறும் சுற்றல். பிறகு அவளை அறியாமல் வாயில் வந்தது: "நம்ம வத்திராயிருப்புக் காட்டுச் சோளம் வீடு வந்து சேந்துருச்சு. நல்லாக் காயவச்சுக் குலுக்கையில போட்டாச்சு."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, அம்மியை ஓடவிட்டு, ரகசியமாகச் சொல்ல வந்தது கடைசியில் இந்தச் சோளக் கதையைத்தானா? அவனுக்கு ஏற்றவள்தான் அவளும்.

அப்போதுதான் அந்த யோசனை தட்டியது. 'வா' என்று கூப்பிட்டால் அவன் யோசிப்பான். ஆத்தாளைக் கேட்பான், பாஷ்யம் சாரைக் கேட்பான். தானியம் கெட்டுப்போகிறது என்றால் ஒருத்தரையும் கேட்கமாட்டான். தாலி கட்டின கையோடு, மழைக்கு மூடை நனையுமே என்று பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டங்கிக்கு ஓடின மாப்பிள்ளை அவன். அன்றைக்கு அவள் அண்ணன்மார் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அதற்குத் தோதாக ஒரு சங்கதியும் இருந்தது. போன லீவில் வரும்போது அவன் அங்கிருந்து ஒரு மக்காச்சோளக் கதிரைத் துணிக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தான். அங்கத்த தானியத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள், கதிரோடு வண்டும் போகும் என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன், கதிரின் பருமனை ஆத்தாளுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில் இந்தத் திருட்டு வேலையைச் செய்துவிட்டான். கதிர் இப்போதும் நடுவீட்டு உத்தரத்தில் தொங்கியது. அதற்கு நேர் கீழேதான் வருசச் சோளம் போட்டு வைத்திருக்கும் குலுக்கை. மண்ணால் செய்து சுவரோடு நிறுத்தியிருக்கும் ஆள் உயரத் தானியக் கூடு அது.

நாச்சியார் பேச்சைத் தொடர்ந்தாள். குரல் நடுங்கியது. அது நல்லதாகப் போயிற்று.

"நீங்க கொண்டாந்த கதிருல ஓட்ட விழுந்து மாவு கொட்டுதுங்க. குலுக்கைக்குள்ளயும் ஏதோ அரிக்கிற சத்தம் கேக்கு. நீங்க சொல்லுவீகளே, அதே மாதிரி. அத்தைக்குத் தெரியாம மைக்க வச்சுப் பிடிச்சிருக்கேன். நீங்களே கேளுங்க."

அந்தச் சத்தத்தை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. 'கருக்குக் கருக்குன்னு இருக்கும்' என்று அவன் வாயால் சொன்னதுதான். சுடலைமாடத்தி வீட்டில் ஒரு ஓலைப்பெட்டி கிடந்தது. அதை மைக்குக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, சுட்டுவிரல் நகத்தால் கீறினாள். நிறுத்தி நிறுத்தி, கேசட் முடிகிறவரை கீறினாள். புத்தி தெளிந்தால் அனுப்பமாட்டோம் என்று அவளுக்கே தெரிந்திருந்ததால் மறுநாள் காலையில் மில்லுக்குள் நுழைவதற்கு முன்பே தபாலாபீசுக்குப் போய்ச் சேர்த்துவிட்டாள்.

பங்குனி முடிகிற சமயம் பதில் வந்தது. வழக்கம்போல் தெரு கூடியது. இந்தத் தடவை அவன் எடுத்த எடுப்பில் மக்காச்சோளத்தைப் பேசவில்லை.

"யம்மா, நாச்சியா அனுப்புன கேசட்டு கெடச்சுது."

தெருவின் தலை மொத்தமும் அடுப்படிப் பக்கம் திரும்பியது.

"நம்ம குலுக்கையில வண்டுச் சத்தம் கேக்குன்னு சொல்லுதா. நீயும் கேட்டியாம்மா? நீ கேட்டது நெசம்னா நான் ஆனி வரைக்கும் இருக்கமாட்டேன், வந்துருதேன். அது நம்ம சீமையில எறங்கிருச்சுன்னா என் கையால எறங்குனது. குலுக்கையத் தொறக்காதீக. யாருக்கும் ஒரு கை சோளம் குடுத்துறாதீக. உடனே சொல்லும்மா."

அன்று காலையில்தான் ஆவுடையம்மாள் குலுக்கையின் அடித்தூம்பைத் திறந்து சோளம் எடுத்துப் புடைத்திருந்தாள். ஒரு சொத்தை கிடையாது. மணி மணியாக இருந்தது. அதே சோளக் கஞ்சியைத்தான் இருவரும் குடித்தார்கள். நாச்சியார் கதவோடு ஒட்டிக்கொண்டாள். இன்றைக்கு இந்தத் தெரு முன்னால் தன் மானம் போகப் போகிறது, அவனும் வரப்போவதில்லை என்று முடிவுகட்டிவிட்டாள்.

ஆவுடையம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதுக் கேசட்டைப் போட்டாள். பொத்தானை அமுக்கினாள்.

"ஆமாய்யா. நானும் கேட்டேன். கருக்குக் கருக்குன்னு அரிச்சுக்கிட்டே கெடக்கு. எனக்கு ஒறக்கமே இல்ல. வந்துருய்யா."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. பாவம், தானியம் போன துக்கம் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஆவுடையம்மாள் உத்தரத்தைக் காட்டினாள். "ஏட்டி, அந்தக் கதிர எடுத்து அடுப்புல போடு. வந்து பாத்தாம்னா மாவும் இருக்காது மண்ணும் இருக்காது."

நாச்சியார் தரையில் உட்கார்ந்து அழுதாள். "அப்ப எதுக்கு அத்தை அன்னைக்கு அவுகள இருக்கச் சொன்னீக?"

"தெருவே வந்து உக்காந்திருக்கையில வேற என்னத்தச் சொல்ல? பிள்ளைய முன்னுக்கு வரவிடாமக் கெடுக்கான்னு நாளைக்கு ஒரு சொல்லு வரும்லா?" என்றாள் ஆவுடையம்மாள். பிறகு, "எனக்கும் அவன் ஒருத்தன்தானட்டி. நீ ஒருத்திதான் ஏங்குதன்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை வருசத்தில் அந்த வீட்டில் ஒருத்திக்கொருத்தி உண்மை பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

வைகாசியில் பால்ச்சாமி வந்தான். கையில் ஒரே ஒரு பெட்டி. ஆவுடையம்மாள் அவன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராகக் குலுக்கையிடம் போனான். காதை வைத்தான். தூம்பைத் திறந்து ஒரு கை சோளம் எடுத்தான், முகர்ந்தான், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தான்.

"ஒண்ணும் இல்லையே" என்றான்.

"அப்பக் கேட்டுச்சு" என்றாள் நாச்சியார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அது வண்டு இல்ல. நகம்."

அவள் நிமிரவே இல்லை.

"ஓலைப்பெட்டிய நகத்தால கீறுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? தெனமும் அந்த வண்டுச் சத்தத்துலதான கெடக்கேன். போட்ட ஒடனே தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் திருப்பித் திருப்பிப் போட்டேன். சத்தத்துக்கு நடுவுல நீ மூக்க உறிஞ்சுறது கேட்டுச்சு. அதுக்குப் பெறவு அங்கன எனக்கு இருப்புக்கொள்ளல, நாச்சியா."

"பெறவு எதுக்கு அத்தைகிட்டக் கேட்டீக?"

"பாஷ்யம் சாருகிட்டச் சொல்ல ஒரு காரணம் வேணும்லா? அம்மா கேட்டேன்னு சொல்லுச்சே, அதத்தான் அவருக்குப் போட்டுக் காட்டுனேன்."

ஆக, பாஷ்யம் சாரைத் தவிர எல்லோரும் பொய் சொல்லியிருந்தார்கள். நாச்சியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கையிலிருந்த சோளம் சிந்தியது. தரையில் சிந்திய தானியத்தை அவன் குனிந்து பொறுக்காமல் விட்டது அவள் பார்த்து அதுதான் முதல் தடவை.

இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சம்மதித்துவிட்டு, ஆடி பிறப்பதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் வந்திருந்தான். அங்கே ஒரு ஊரில் ரெஹேமா என்று ஒரு வயதான அம்மாள். போன வருசம் அந்த ஊர்க்காரர்கள் யாரோ கொடுத்த வீரியம் போன பழைய பொடியைக் கலந்து வைத்துப் பாதிக்குமேல் பறிகொடுத்தார்கள். அதனால் இந்த வருசம், "நான் வாறவரைக்கும் கதிர உதிர்க்காதீக, நானே பொடி கொண்டாந்து கூட உக்காந்து உதிர்த்துக் கலந்து தாறேன்" என்று சொல்லிவைத்திருந்தான். மற்ற அதிகாரிகள் நின்றுகொண்டு பேசுவார்கள், இவன் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து உதிர்ப்பான். அதனால் அவன் சொன்னால் கேட்பார்கள். ரெஹேமா எல்லோருக்கும் முன்னால் அவன் கையைப் பிடித்துச் சரி என்றாளாம்.

"என் வீட்டுலயும் வண்டு விழுந்துருச்சுன்னு சொல்லிட்டு வந்தேன். அவுக மொகத்தப் பாக்கணுமே, தன் வீட்டுல விழுந்த மாதிரி கலங்கிட்டாக" என்று சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆடி வந்தது. இவ்வளவு நாள் இருந்தாயிற்று, ஆடிப்பூரத் தேரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றான். தேர் முடிந்தது. ஆவணி முகூர்த்தத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பிறகு மழை பெய்தது, வத்திராயிருப்புக் காட்டில் சோளம் விதைத்துவிட்டால் போதும் என்றான். பாஷ்யம் சாரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏர் பூட்டப் போய்விட்டான். என்ன தந்தி என்று நாச்சியார் கேட்கவில்லை. எப்போது கிளம்புகிறாய் என்று ஆவுடையம்மாளும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் மூன்று பேருமாகச் சேர்ந்து வீட்டுக்குள் விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நாச்சியாருக்கு அது என்ன மாதிரிக் காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மில் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளவக்கல் அணைக்குக் கூட்டிப்போனான். போகும்போது பின்னால் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டு போனதுதான் அவள் நினைவில் நின்றது, அணை நிற்கவில்லை. தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட ஒரு கை இருந்தது. அவன் சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "இந்நேரம் கதிரு பரண் ஏறியிருக்கும்" என்பான். அத்தோடு நிறுத்திக்கொள்வான். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். அந்தப் பேச்சு தொடராமல் இருக்கத்தான் ஊற்றுகிறாள் என்று இருவருக்கும் தெரியும்.

மார்கழியில் பாஷ்யம் ஊருக்கு வந்தார். மார்கழி நோன்புக்கு ஆண்டாள் கோயிலில் இருக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். ஒருநாள் காலை, பூஜை முடித்து நாமமிட்ட நெற்றியோடு, வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உன்னை நன்னாத் திட்டணும்னுதான் கிளம்பி வந்தேன் பால்ச்சாமி" என்றார் உட்கார்ந்துகொண்டே. "உங்கம்மா மொகத்தைப் பார்த்தா திட்ட வரலை. தந்திக்குக்கூட ஒரு பதில் போடப்படாதா? உனக்குப் பதிலா ஒருத்தனை அனுப்பினேன். அவனை அவா ஊருக்குள்ள விட்டா, ஆனா கதிர்ல கை வைக்க விடலை. பால்ச்சாமி வந்துதான் உதிர்க்கணும்னு சொல்லிட்டா."

பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். "ரெஹேமா உனக்குப் பேசி அனுப்பியிருக்கா. அவ பரணுக்குக் கீழேயே வச்சுப் பிடிச்சேன்."

ஆவுடையம்மாள் எழுந்து போய் வாசல்கதவைச் சாத்தினாள். கேசட் வந்த நாளில் அந்தக் கதவு சாத்தியிருந்ததே கிடையாது. டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தாள். பொத்தானை பாஷ்யம் அமுக்கினார்.

ஒரு கிழவியின் குரல். கொஞ்சம் கரகரப்பு, நடுவே ஒரு சிறு சிரிப்பு. பேச்சு புரியவில்லை. ஆனால் பால்ச்சாமியின் பெயரைச் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாஷ்யம் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

"சௌக்கியமான்னு கேக்கறா. அம்மா சௌக்கியமா, ஆத்துக்காரி சௌக்கியமாங்கறா."

மறுபடி ஓடவிட்டார்.

"நீ வருவேன்னு கதிரை மட்டையோட வச்சிருந்தோம். அக்கம்பக்கத்துல எல்லாரும் உதிர்த்துடலாம்னா. நான்தான் விடலை. அவன் வரேன்னு சொல்லியிருக்கான், வருவான்னு சொல்லிண்டே இருந்தேங்கறா."

மறுபடி.

"இப்போ கதிரைத் தொட்டா மாவாக் கொட்டறதாம். விதைக்கு மாத்திரம் கொஞ்சம் பொறுக்கி எடுத்து வச்சிருக்காளாம்."

மறுபடி. இந்தத் தடவை பாஷ்யம் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது கிடக்கட்டும், உங்காத்து வண்டு செத்துப்போச்சான்னு கேக்கறா. நீ போனதுலேர்ந்து அவாள்ளாம் அதுக்காகப் பிரார்த்தனை பண்ணிண்டிருக்காளாம். உங்களுக்காவது தானியம் மிஞ்சினதா, அம்மா சாப்பிடறாளா, அதைச் சொல்லி அனுப்புங்கறா."

குரல் நின்றுவிட்டது. கேசட் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு சத்தம் காதுக்குப் புலப்பட்டது.

"இதுதான் அது" என்றார் பாஷ்யம்.

நாச்சியார் அன்றைக்குத்தான் அதைக் கேட்டாள். அவள் கீறினதுபோல இல்லவே இல்லை. அவள் நிறுத்தி நிறுத்திக் கீறினாள். இது நிற்கவில்லை. மூடி போட்டு வைத்த உலை கொதிக்கிறதுபோல ஒரே சீராக, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டின் சாப்பாடு தீர்ந்துகொண்டிருக்கிற சத்தம். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் அந்த அம்மாள் இந்த வீட்டுச் சோளத்தை விசாரித்திருக்கிறாள். நாச்சியார் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பாஷ்யம் எழுந்தார். "தை பொறந்ததும் நான் கிளம்பறேன். மறு விதைப்பு, மறு அறுப்புன்னு ஒண்ணு இருக்கோல்லியோ? நீ வரதா இருந்தா சொல்லு. கட்டாயப்படுத்த மாட்டேன்." வாசல்வரை போனவர் திரும்பி, "அது சரி, உங்காத்து வண்டு என்னாச்சு?" என்று கேட்டார். ஆவுடையம்மாள் டேப் ரெக்கார்டரைத் துண்டு போட்டு மூடினாள். அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புமுன்னே ஆவுடையம்மாள் சத்தமாகச் சொன்னாள்: "அவன் எங்கயும் போகல. கை நெறைய வேல செஞ்சாச்சு. போதும். காட்டுல நம்ம சோளம் கதிர் வாங்கி நிக்கி, அத யாரு அறுக்கது?"

பால்ச்சாமி அம்மாவைப் பார்க்கவில்லை. நாச்சியாரைப் பார்த்தான்.

"நீ சொல்லு" என்றான். "நீ சொன்னபடி செய்யுதேன்."

எத்தனை கேசட்டுகளில் அவள் இதற்காகக் காத்திருந்தாள். அவனாக ஒரு தடவை தன்னைப் பார்த்துக் கேட்கமாட்டானா என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற சாயங்காலங்கள் எத்தனை. கேட்டுவிட்டான். தெரு இல்லை, கதவு சாத்தியிருக்கிறது, அத்தையே 'போகாதே' என்று எடுத்துக்கொடுத்துவிட்டாள். 'இருங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவான். நாளைக்கும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சைக்கிளோடு நிற்பான். அவளுக்கு அது வேண்டும். அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

"ஏட்டி!" என்றாள் ஆவுடையம்மாள்.

"போயிட்டு வரட்டும் அத்தை. அறுப்புக்கு முன்னால அங்கன போயி நிக்கட்டும். வருவாம்னு சொல்லிக்கிட்டே ஒருத்தி எம்புட்டு நாளைக்கு உக்காந்திருப்பா? அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பால்ச்சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சரி" என்றான்.

எழுந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். அதன்மேல் படிந்திருந்த தூசியைத் துண்டால் தட்டித் துடைத்தான். நாச்சியார் நின்ற இடத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகச் சொன்னவள் அவள்தான், அதில் மாற்றமில்லை. ஆனாலும் ஒரே ஒரு தடவை, வாய்வார்த்தைக்காவது, மாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாம்.